குற்றியைக் குற்றியாகவே காய வைக்காதீர்கள்: பல்லாங்குழிப் பலகை குடைபவர்கள் விடும் தவறுகள்

கொழும்பில் வெள்ளவத்தையிலும் பம்பலப்பிட்டியிலும் பழைய வீடுகளை இடித்து மாடிக்கட்டடம் கட்டுவது கூடக் கூட, வளவுகளில் நின்ற மாமரமும் பூவரசும் ஒவ்வொன்றாக விழுகின்றன. முழுவதையும் விறகுக்கு அனுப்ப மனம் வராமல் ஒரு துண்டையாவது எடுத்து வைப்பவர்கள் இப்போது நிறையப் பேர் இருக்கிறார்கள். அந்தத் துண்டில் ஒரு பல்லாங்குழிப் பலகை குடைய வேண்டும், எப்படி என்று கேட்டு வரும் இளம் பிள்ளைகளைப் பார்க்க எனக்கு உண்மையாகவே சந்தோஷம். கடையில் வாங்கும் பிளாஸ்ரிக் பலகையில் அவர்களுக்கு அக்கறை இல்லை, தங்கள் வீட்டு மரம்தான் வேண்டும் என்கிறார்கள்.

ஆனால் கையில் அவர்கள் கொண்டுவரும் கட்டையைப் பார்த்தால் பாதிப் பேருக்கு நல்ல பதில் சொல்ல முடிவதில்லை. எங்கள் ஆட்கள் பழகிய காலத்தில் விட்ட அதே பிழைகள், அதே வரிசையில். உளியைத் தீட்டு, கையை உளிக்கு முன்னால் வைக்காதே என்பவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. அதை எந்தத் தச்சரும் முதல் நாளே சொல்லித்தருவார். யாரும் சொல்லாமல் விடுகிறவற்றை மட்டும் எழுதுகிறேன்.

கேட்காமல் வெட்டுவது

வளவு உங்களுடையதாக இருந்தாலும் எல்லா மரத்தையும் நினைத்தபடி விழுத்த முடியாது. பலா, ஈரப்பலா, பெண்பனை ஆகிய மூன்றையும் வெட்டுவதை 1951ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் கட்டுப்படுத்துகிறது. அனுமதி வேண்டும். முதலில் கிராம உத்தியோகத்தரோடு கதையுங்கள், அவர் பிரதேச செயலகத்துக்கு வழிகாட்டுவார். குற்றியை வாகனத்தில் ஏற்றிக் கொண்டுபோகத் தனி அனுமதி கேட்கும் மரங்களும் உண்டு, அதையும் அங்கேயே சேர்த்துக் கேட்டுவிடுங்கள். மழைக்காற்றில் வீதியோரம் முறிந்து விழுந்த கொப்புக்கு உரிமை கொண்டாடுவதற்கு முன்பும் ஒரு வார்த்தை கேட்பது நல்லது.

கொழும்பில் எளிதாகக் கிடைப்பது மாமரம். குடைவதற்கு நல்ல பிள்ளை, ஆனால் பூச்சிக்கும் பூஞ்சணத்துக்கும் சீக்கிரம் இடம்கொடுக்கும். பச்சை மாமரப் பால் சிலருடைய தோலில் கொப்புளம் போடும், ஆகவே முழுக்கைச் சட்டை நல்லது. பூவரசு கிடைத்தால் விடாதீர்கள். வைரம், அதாவது நடுவில் உள்ள கெட்டி மரம், கடும் மண்ணிறமாக இருக்கும், அதிகம் சுருங்காது, உளிக்கு இணங்கும். ஹவாய்த் தீவுகளில் உணவுக் கிண்ணம் குடைந்த மரங்களில் இதுவும் ஒன்று. பலா அனுமதியோடு கிடைத்தால் அதுவும் அருமை. வெட்டும்போது மஞ்சளாக இருப்பது வெளிச்சம் படப்பட மண்ணிறமாக மாறும், அதைக் கண்டு பயப்பட வேண்டாம்.

குற்றியைக் குற்றியாகவே போட்டு வைப்பது

இந்தக் கட்டுரையை எழுத வைத்தது இந்த ஒரு பிழைதான். மற்றவற்றுக்கெல்லாம் ஏதோ ஒரு பரிகாரம் இருக்கிறது, இதற்கு இல்லை.

சென்ற வருடம் ஒரு தம்பி தெஹிவளையில் இருந்து முச்சக்கரவண்டியில் ஒரு மாங்குற்றியைக் கொண்டுவந்தார். அம்மம்மாவின் வீட்டு மரம். வளவு விற்பட்டுவிட்டது, மரம் நின்ற இடத்தில் இப்போது தூண்களுக்குக் குழி தோண்டியிருக்கிறார்கள். மரத்தை விழுத்திய அன்று அடிமரத்தில் மிக நேரான, முடிச்சில்லாத துண்டைப் பார்த்துத் தெரிவு செய்திருக்கிறார். யாரோ ஒரு மரக்கடைக்காரர், "ஒரு வருசம் அப்படியே விடுங்க தம்பி, நல்லாக் காய்ஞ்ச பிறகு தொடுங்க" என்று சொல்லியிருக்கிறார். அவரும் பொறுமையாக, மழை படாமல், தகரக் கொட்டகைக்குள் வைத்து வருடம் முழுக்கக் காத்திருந்திருக்கிறார். நான் குற்றியைத் திருப்பிப் பார்த்தேன். நடுவில் இருந்து பட்டைவரை விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு, ஒரு முனையில் இருந்து மறு முனைவரை ஓடியிருந்தது. அதைச் சுற்றிச் சின்னச் சின்ன வெடிப்புகள் எத்தனையோ. "அண்ணா, இதை ஒட்டலாமா?" என்று கேட்டார். ஒட்ட முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்தப் பிள்ளையிடம் ஒரு குறையும் இல்லை. பொறுமை இருந்தது, அக்கறை இருந்தது. கிடைத்த அறிவுரைதான் பிழை. அதைச் சொன்னவர் மேல் எனக்கு இன்றுவரை கோபம் ஆறவில்லை. அது கடையில் போய் இன்னொன்று வாங்கக்கூடிய பலகை இல்லையே.

ஏன் வெடிக்கிறது என்று விளங்கினால் யாரும் இந்தப் பிழையை விட மாட்டார்கள். பச்சை மரத்தில் இரண்டு வகையாக நீர் இருக்கிறது. ஒன்று நார்க்குழாய்களுக்குள் நிற்கும் நீர். அது போகும்போது மரம் எடை குறையும், சுருங்காது. மற்றது நார்ச் சுவர்களுக்குள்ளேயே ஊறியிருப்பது. மரத்தின் ஈரம் ஏறக்குறைய 30 வீதத்துக்குக் கீழே இறங்கும்போது இந்த இரண்டாவது நீர் வெளியேறத் தொடங்குகிறது, சுருக்கமும் அங்கேதான் ஆரம்பம். இங்கே ஒரு விஷயம் முக்கியம். மரம் எல்லாப் பக்கமும் ஒரே அளவாகச் சுருங்குவதில்லை. நீளவாட்டில் சுருக்கம் இல்லையென்றே சொல்லலாம். நடுவில் இருந்து பட்டையை நோக்கிய திசையில் கொஞ்சம் சுருங்கும். வளையத்தைச் சுற்றிய திசையில் அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சுருங்கும்.

அப்படியென்றால் முழுக் குற்றியில் என்ன நடக்கும்? சுற்றளவு நிறையக் குறையப் பார்க்கிறது. உள்ளே இருக்கும் குறுக்களவு அந்த அளவுக்குக் குறையவில்லை. நனைந்து சுருங்கிய சட்டையைச் சுருங்காத உடம்பில் மாட்டியது போலத்தான். எங்கேயாவது கிழிய வேண்டும், கிழிகிறது. நிழலில் வைத்தாலும், மெழுகு பூசினாலும், எவ்வளவு மெதுவாகக் காய வைத்தாலும், நடுப்புள்ளியை உள்ளே வைத்துக்கொண்டு முழு வட்டமாகக் காயும் குற்றி வெடிக்காமல் தப்புவது மிக அரிது.

அந்த மரக்கடைக்காரர் சொன்ன கணக்கு முழுப்பொய்யும் இல்லை. ஒரு அங்குலத் தடிப்புக்கு ஒரு வருடம் என்று தச்சர்கள் சொல்வார்கள். ஆனால் அது அரிந்த பலகைக்குச் சொன்ன கணக்கு. அதைக் குற்றிக்குப் பொருத்தியதுதான் இத்தனை மரத்தையும் நாசமாக்கியிருக்கிறது.

சரி, என்ன செய்ய வேண்டும்? மரம் விழுந்த அன்றே, முடியாவிட்டால் அடுத்த ஒன்றிரண்டு நாளுக்குள், குற்றியை நடுப்புள்ளி வழியாக இரண்டாகப் பிளந்துவிடுங்கள். ஆப்பும் சம்மட்டியும் போதும். மரம் அரியும் ஆலைக்குக் கொண்டுபோவதென்றால் நீங்களும் கூடப் போய், வெட்டுமுகத்தில் சோக்கட்டியால் கோடு போட்டுக் காட்டுங்கள். காட்டாவிட்டால் அவர்கள் பழக்கத்தில் அரிந்து தள்ளிவிடுவார்கள். இரண்டாகப் பிளந்தது மட்டும் போதாது. ஒவ்வொரு பாதியின் தட்டை முகத்திலும் நடுப்புள்ளியின் மிச்சம் ஒரு கோடாக ஓடும். அந்த முகத்தில் இருந்து இரண்டு மூன்று சென்ரிமீற்றரைச் செதுக்கி எடுத்துவிடுங்கள். அந்த இடம் என்றைக்கும் வெடிக்கும் இடம். மரம் வீணாகிறதே என்று இதில் கஞ்சத்தனம் பார்ப்பவர்கள் கடைசியில் முழுப் பலகையையும் இழக்கிறார்கள்.

பட்டை நீங்கலாக 30 சென்ரிமீற்றர் குறுக்களவுள்ள குற்றி ஒன்று இருந்தால், நடுவைக் கழித்த பிறகும் ஒவ்வொரு பாதியில் இருந்தும் ஒரு பலகை எடுக்கலாம். நீளத்தில் மட்டும் இரு முனையிலும் ஒரு சாண் மேலதிகமாக விட்டு வெட்டுங்கள். முனையில் வரும் சின்ன வெடிப்புகளைக் கடைசியில் அரிந்து எறிய அது உதவும்.

அடுத்தது முனைகள். நார் வெட்டுப்பட்ட முனை வழியாக ஈரம் பக்கவாட்டைவிடப் பத்துப் பதினைந்து மடங்கு வேகமாக ஓடும். நடுப்பகுதி நனைந்தே கிடக்க, முனை காய்ந்து சுருங்கி வெடிக்கும். வெட்டிய அன்றே இரு முனையையும் மூடுங்கள். உருக்கிய மெழுகு நல்லது. சுவருக்கு அடித்து மிஞ்சிய இமல்ஷன் பெயின்ற், பைண்டர் கம், எது வீட்டில் இருக்கிறதோ அதைத் தடிப்பாக இரண்டு மூன்று முறை பூசினால் போதும். நாளைக்குப் பூசலாம் என்று தள்ளிப்போட வேண்டாம். கொழும்பு வெயிலில் ஒரு பின்னேரத்திலேயே மயிரிழை வெடிப்பு வந்துவிடும்.

அப்புறம், பலகையைப் பச்சையாக இருக்கும்போதே அரைகுறையாகக் குடைந்து வைப்பதுதான் நான் எல்லோருக்கும் சொல்லும் வழி. தடித்த கட்டை காய ஆண்டுக்கணக்காகும், வெளியும் உள்ளும் வேறு வேறு வேகத்தில் காயும். குழிகளை முன்பே எடுத்துவிட்டால் தடிப்பு எங்கும் ஏறக்குறைய ஒன்றாகி, ஒரே சீராகக் காயும். பச்சை மரம் உளிக்கும் இலகு. இறுதி அளவைவிட ஒவ்வொரு குழியையும் ஒரு சென்ரிமீற்றர் சிறிதாகக் குடையுங்கள், வெளிப்பக்கங்களிலும் அடியிலும் ஒரு சென்ரிமீற்றருக்குக் கூடவே மிச்சம் விடுங்கள். காயும்போது பலகை நெளியும், குழி வட்டம் கொஞ்சம் நீள்வட்டமாகும். மிச்சம் விட்டிருந்தால் அதையெல்லாம் கடைசியில் சரிப்படுத்தலாம்.

குடைந்ததைப் பழைய பத்திரிகைத்தாளில் சுற்றி, நிழலில், நிலத்தில் படாமல் இரண்டு சட்டங்களுக்கு மேல் வையுங்கள். முதல் சில வாரம் தாளை மாற்றிக்கொண்டே இருங்கள், ஈரத்தாள் பூஞ்சணம் பிடிக்கும். பொலித்தீனில் கட்டி வைத்தால் மாமரம் நீலக்கறை பிடித்துக் கறுத்துவிடும். தகரக் கூரைக்குக் கீழே வைப்பதும், வெயிலில் காய்ச்சுவதும் நேரெதிர்ப் பிழை.

காய்ந்ததா என்று கையால் தட்டிப் பார்த்துச் சொல்பவர்களை நம்ப வேண்டாம். சமையலறைத் தராசில் நிறுங்கள். வாரத்துக்கு ஒருமுறை நிறுத்து, எடையைப் பென்சிலால் பலகையின் அடியிலேயே எழுதுங்கள். எடை குறைவது நின்று, தொடர்ந்து பல வாரம் அசையாமல் இருந்தால் அது வெளிக்காற்றோடு சமநிலைக்கு வந்துவிட்டது. தென்மேற்குப் பருவமழை கொட்டும் மாதங்களில் எடை கொஞ்சம் ஏறவும் செய்யும், அதற்குக் குழம்ப வேண்டாம். இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால், முனையில் இருந்து தள்ளி ஒரு சின்னத் துண்டு அரிந்து நிறுத்து, சூட்டடுப்பில் (oven) 100 பாகை செல்சியசுக்குச் சற்று மேலே வைத்து, எடை இனிக் குறையாது என்னும்வரை காய்ச்சி மறுபடி நிறுங்கள். 115 கிராம் துண்டு 100 கிராமில் நின்றால் ஈரம் 15 வீதம். கொழும்பு வெளிக்காற்றில் அதற்குக் கீழே பெரிதாக இறங்காது.

குளிரூட்டிய அறையை மறப்பது

மேலே சொன்ன 15 வீதம் திறந்த யன்னல் உள்ள வீட்டுக்குச் சரி. பலகை இருக்கப்போவது ஏசி ஓடும் மாடிவீட்டில் என்றால் அங்கே மரம் ஏறக்குறைய 10 வீதம்வரை இறங்கும், மறுபடி சுருங்கும். முடிவு வேலை செய்வதற்கு முன் சில வாரம் அதே அறையில் பலகையை வைத்து எடுங்கள்.

இரும்பைத் தேடாமல் வாளை வைப்பது

வீட்டு மரம் என்றால் ஆணி இருக்கும். உடுப்புக்கொடி கட்டிய கம்பி, ஊஞ்சல் கொக்கி, யாரோ என்றோ அடித்த பெயர்ப்பலகை எல்லாவற்றையும் மரம் விழுங்கி வைத்திருக்கும். வெட்டுமுகத்தில் நீலமும் கறுப்புமாக ஒரு கறை தெரிந்தால் அருகில் இரும்பு இருக்கிறது. காந்தம் ஒன்றைக் கட்டி மேலால் ஓட்டிப் பாருங்கள். ஆலைக்காரரின் வாளைப் பழுதாக்கினால் அடுத்த முறை உங்கள் குற்றியை அவர் வாசலுக்குள் விட மாட்டார்.

பட்டையோடு வைப்பது

வண்டு முட்டையிடும் இடம் அது. பிளந்த உடனே உரித்துவிடுங்கள்.

வைரத்துக்கு வெளியே இருக்கும் வெளிர்ப்பகுதியில் மாச்சத்து அதிகம், புழுவுக்கு அதுதான் உணவு. மாமரத்தில் பெரும்பகுதி இந்த வெளிர்ப்பகுதியாகவே இருக்கும். பச்சையாக இருக்கும்போதே போராக்ஸும் போரிக் அமிலமும் கரைத்த நீரைத் தூரிகையால் தாராளமாகப் பூசுங்கள், அல்லது தோய்த்து எடுங்கள். கையுறை போட்டுச் செய்யுங்கள், பிள்ளைகளை அண்ட விடாதீர்கள். முடிந்த பலகையின் அடியில் மா போல மெல்லிய தூள் கொட்டிக் கிடக்கிறதென்றால் புழு உள்ளே வேலை தொடங்கிவிட்டது.

தட்டையான குழி

துளைகருவியில் தட்டை அடி எடுக்கும் அலகை மாட்டி, செங்குத்துச் சுவரும் தட்டை அடியுமாகக் குழி எடுக்கிறார்கள். பார்க்க வடிவாக இருக்கும், விளையாட முடியாது. பல்லாங்குழியில் குழியில் உள்ள காய்கள் அத்தனையையும் ஒரே அள்ளில் எடுக்க வேண்டும். மூலையில் சிக்கிய ஒரு காயை நகத்தால் கிண்டிக்கொண்டிருந்தால் ஆட்டத்தின் வேகமே போய்விடும். குழி உள்ளங்கை போலக் குழிய வேண்டும். 6.5 சென்ரிமீற்றர் அகலம், 2.5 முதல் 3 வரை ஆழம், குழிகளுக்கிடையில் 1.2 சென்ரிமீற்றர் என்று எடுத்தால் ஒரு வரிசையில் ஏழு குழிக்கு ஏறக்குறைய 55 சென்ரிமீற்றர் நீளமும், இரண்டு வரிசைக்கு 17 சென்ரிமீற்றர் அகலமும் வரும். அடியில் ஒரு சென்ரிமீற்றருக்குக் குறையாமல் மரம் நிற்கட்டும். வெற்றுக் குழியைக் கையால் அள்ளிப் பாருங்கள். விரல் எங்கும் தட்டக்கூடாது.

பக்கத்து வீட்டுச் சிங்களக் குடும்பத்துக்கு, பல்லாங்குழி போன்ற அவர்களுடைய ஒலிந்த கெளிய ஆட்டத்துக்கான பலகையாகச் செய்து கொடுப்பதென்றால் குழி எண்ணிக்கையை அவர்களிடம் கேட்டுவிட்டுக் குறியுங்கள், நம் கணக்கில் போட்டுவிடாதீர்கள்.

நெம்புவது

வளை உளியால் அடிக்கு இறங்கிய பிறகு, சிராய் வரவில்லையென்று உளியை விளிம்பில் அழுத்தி நெம்புகிறார்கள். குழிகளுக்கு நடுவில் நிற்பது ஒரு சென்ரிமீற்றர்ச் சுவர். அது உடைவதற்கு இவ்வளவு பலம் தேவையில்லை. நார் ஓடும் பக்கத்தில் விளிம்பில் இருந்து அடியை நோக்கி இரு புறமும் இறங்குங்கள், அடியில் இரண்டு வெட்டும் சந்திக்கட்டும். அடியில் இருந்து விளிம்புக்கு ஏறினால் நார் பிய்த்துக்கொண்டு வரும். உளி நகரவில்லையென்றால் தீட்டுங்கள். நல்ல வளை உளி வேண்டுமென்றால் பழைய சோனகத் தெருக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். விலையை மட்டும் பார்க்காமல் வளைவின் அளவு உங்கள் குழியின் வளைவைவிடக் கொஞ்சம் இறுக்கமாக இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

ஆடும் பலகை

அடிப்பக்கத்தை முழுத் தட்டையாகச் சீவுளி போட்டால் அடுத்த மழைக்கு ஆடும். அடியின் நடுவில் இரண்டு மில்லிமீற்றர் பள்ளமாக எடுத்து, இரு முனையில் மட்டும் நிற்க விடுங்கள்.

தேங்காய் எண்ணெய்

வேண்டாம். அது காயாது. குழிக்குள் பிசுபிசுத்துத் தூசி பிடிக்கும், நாளடைவில் சிக்குமணம் வரும்.

ஆளிவிதை எண்ணெய் காற்றில் காய்ந்து இறுகும். மெல்லியதாகப் பூசி, ஊறாததைத் துடைத்து, ஒவ்வொரு பூச்சுக்கும் ஒரு நாளுக்குக் குறையாமல் இடைவெளி விடுங்கள். மழைக்காலத்தில் இன்னும் கூட. மேலே தேன்மெழுகு தேய்த்தால் போதும், பளபளக்கும் வார்னிஷ் தேவையில்லை. ஆனால் எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போடாதீர்கள். காயும்போது சூடு பிறந்து தானாகவே தீப்பிடிக்கும். விரித்துக் கொடியில் போடுங்கள், அல்லது தண்ணீரில் ஊற வையுங்கள். நெருக்கமான வீடுகள் உள்ள கொட்டாஞ்சேனை போன்ற இடங்களில் இதை நான் பலமுறை அழுத்திச் சொல்வதுண்டு.

காயைப் பற்றி யோசிக்காமல் விடுவது

சித்திரைப் புத்தாண்டுக் காலத்தில் ஆடும் ஒலிந்த கெளியவுக்குக் குன்றிமணிதான் காய். கறுப்புக் கண்ணோடு சிவப்பாக, கொள்ளை அழகு. அதைப் பார்த்து வீட்டிலும் குன்றிமணியே போடலாம் என்று பலர் நினைக்கிறார்கள். குன்றிமணிக்குள் இருப்பது கடும் நஞ்சு. ஓடு கெட்டியாக இருப்பதால் முழுதாக இருக்கும்வரை பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. ஆனால் கடித்தாலோ, துளைத்தாலோ, உடைந்தாலோ உயிருக்கே ஆபத்து. சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில் அதற்கு இடமே கொடுக்காதீர்கள்.

புளியங்கொட்டை எடுங்கள். சதை ஒட்டாமல் கழுவி நன்றாக வெயிலில் காய வைக்காவிட்டால் பூஞ்சணம் பிடித்துப் புதுப் பலகையின் குழிகளையும் கறையாக்கும். சோகியும் நல்லது, ஆனால் மாமரம் போன்ற மென்மையான மரத்தில் அதன் விளிம்பு கீறல் போடும். குழிக்கு ஐந்தாக இடுபவர்களுக்கு 70 காய் வேண்டும், ஆறாக இடுபவர்களுக்கு 84. தொலைவதற்கென்று பத்துப் பதினைந்து கூடப் போட்டு, ஒரு துணிப்பையில் கட்டிப் பலகையோடு கொடுத்துவிடுங்கள். மிகச் சின்னக் குழந்தை தவழும் வீடென்றால் எந்தக் காயாக இருந்தாலும் பையை உயரத்தில் மாட்டச் சொல்லுங்கள்.